நாலாவது மூலை

இன்று மதியம் இரண்டு மணிக்குக் கடையில் இருப்பவர்கள்: நான், முதலாளி இளங்கோவன், லேமினேஷன் மெஷினுக்கு முன்னால் ஜெயசித்ரா, காலையில் செத்துப்போன பூவலிங்கத்தின் மகன் கதிரேசன், அவனோடு முகம் கொடுத்துப் பேசாத மருமகன் சிவநேசன், பாஸ்போர்ட் அளவுப் படத்துக்குள் பூவலிங்கம். ஆக ஆறு பேர். கம்ப்யூட்டரை நான் சேர்க்கவில்லை. ஒரு வாரமாக மதியமானால் செத்துப்போகிற ஒன்றை இருப்பவர்கள் கணக்கில் எப்படிச் சேர்ப்பது. பூவலிங்கமாவது ஒரு தடவைதான் செத்தார். திரை மறுபடி பாஸ்வேர்டு கேட்கிறது, அடிக்கிறேன், இருட்டாகிறது, உள்ளே விடப்போவதுபோலச் சற்று யோசிக்கிறது, பிறகு பழையபடி வாசலில் கொண்டுவந்து நிறுத்திப் பாஸ்வேர்டு கேட்கிறது. கல்யாண மண்டபத்தில் பத்திரிகையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, நீங்க யாரு வீட்டுக்காரங்க என்று திரும்பக் கேட்கிறவனைப் போல. இத்தனை நாளும் உறைந்து நிற்கும், அவ்வளவுதான். பவர் பட்டனை அமுக்கிப் பிடித்தால் அணைந்து எழுந்து வரும். இன்று எழுந்தும் உள்ளே விடவில்லை. உள்ளே பூவலிங்கத்தின் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் முடிந்து கிடக்கிறது. இருபத்தாறு உறவினர் பெயர்கள். அந்தப் பெயர்களின் வரிசைக்காக மகனும் மருமகனும் ஒரு மணி நேரம் முறைத்துக்கொண்டார்கள், ஒருவரிடம் ஒருவர் பேசாமல், இரண்டு பேரும் என்னிடம் பேசி. அவர் பேரை மேல போடுங்கம்மா, அப்ப எங்க பேரை எடுத்துடுங்கம்மா. நாலரைக்கு எடுக்கிறார்கள். அதற்குள் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். எடுத்த பிறகு ஒட்டினால் அது அஞ்சலி இல்லை, தகவல். பூவலிங்கம் லாரி புரோக்கர்; போஸ்டரில் பண்பின் சிகரம். எங்களிடம் சிகரங்கள் நிறைய இருக்கின்றன. இரண்டு பக்கமும் விளக்கு, நடுவில் கண்ணீர் சொட்டும் இரண்டு கண்கள். இந்த மணப்பாறையில் செத்த எத்தனையோ பேருக்கு அழுதது அந்த ஒரே ஜோடிக் கண்கள்தான். யாருக்கும் கூட அழுததில்லை, குறைத்து அழுததில்லை. கீழே பெயர் போட்டிருக்கும் இருபத்தாறு பேரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே இளங்கோவன் சொல்லிவிட்டான். "இன்னிக்கும் மத்தியானம் நின்னுச்சுன்னா உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் நாளைக்கு வரவேணாம். யாருன்னு நான் பாத்துக்கறேன்." ரெண்டு பேர் என்றான், கண் ஜெயசித்ரா மேல் இருந்தது. அந்தக் கண்ணை அந்தப் பக்கம் திருப்பிவிட்டது நேற்று நான் சொன்ன ஒரு 'ம்'.

நேற்று கேட்டான், மத்தியானம் நீங்க பின்னால சாப்பிடறப்ப முன்னால ஜெயசித்ராக்கா மட்டும்தானே இருக்காங்க டைப்பம்மா, என்று. ம் என்றேன். பொய் இல்லை. நான் பின்கட்டில் காகிதக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுகிறேன், அவன் வீட்டுக்குப் போய் சாப்பிட்டு ஒரு தூக்கமும் போட்டு வருகிறான், கடையில் ஜெயசித்ரா மட்டும்தான். உண்மைதான். ஆனாலும் ஓர் எழுத்து அது. அதற்கு மேல் நான் எதுவும் சேர்க்கவில்லை, அவன்தான் சேர்த்துக்கொண்டான். நான் பேசுகிறவள் இல்லை. ஒன்பதாவதோடு நின்றவளுக்குப் பேச என்ன இருக்கிறது என்று சொந்தக்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள், நல்லது, நினைக்கட்டும். பேசுகிறவர்கள் பேசுவதை அடிப்பதுதான் என் வேலை, அடித்துப் பார்த்தால் தெரியும் பேச்சின் லட்சணம். ஜெயசித்ரா பேசுவாள். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து படுத்திருக்கும் புருஷனைப் பற்றி ஆதார் கார்டு லேமினேட் செய்ய வந்தவனிடம் எல்லாம் பேசுவாள். முறுக்குத் தின்றுகொண்டே பேசுவாள். அந்த எண்ணெய்க் கையோடு என் மேஜைப் பக்கம் வருவாள். அவள் கை பட்டதில் எந்தச் சாவியாவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நானே நினைத்தேன், அதனால்தான் அந்த 'ம்' அவ்வளவு சுலபமாக வந்தது. நான் எழுந்தால் மிஷினை மூடிவிட்டு எழுகிறவள். சவரிமுத்து மாஸ்டரின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் படிந்த பழக்கம். மூடாமல் எழுந்தவளை அவர் திட்டமாட்டார், நாளைக்கு வரவேண்டாம் என்று மட்டும் சொல்வார், மிகவும் மரியாதையாக. அந்த மரியாதைக்குப் பயந்து ஆறு மாதமும் விரல் வியர்த்து அடித்தேன், லோயர் பாஸ் செய்தேன். இப்போதும் மிஷினை விட்டு எழுந்தால் முதுகில் அந்தக் குரல் நிற்கும். கடையில் கீபோர்டு மூட ஒரு காசித்துண்டை அளந்து வெட்டி ஓரம் அடித்து வைத்திருக்கிறேன். மூன்று மூலைகளைக் கீபோர்டுக்கு அடியில் செருகலாம். நாலாவது மூலைக்குத் துணி போதாது; வெட்டினவள் நான்தான், அளவில் பிசகினேன், அது இன்றுவரை உறுத்தும். ஃபேன் காற்றில் அந்த மூலை மட்டும் எழுந்து எழுந்து விழும். பெரிய ஸ்டேப்ளரை அதன் மேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போவேன். அப்புறம் ஒரு தூசு போகாது. முறுக்குத் துகளும் போகாது. ஜெயசித்ராவுக்கு அந்தத் துணியைப் பார்த்தாலே சிரிப்பு. "என்ன டைப்பம்மா, பிள்ளையைத் தூங்க வச்சிட்டுப் போறீங்களா" என்பாள். போன வாரம் இன்னொன்று சொன்னாள். நீங்க அந்தாண்ட போனதும் உங்க கம்ப்யூட்டர் என்னைப் பாத்துக் கண்ணடிக்குது, என்றாள். இளங்கோவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. நாற்பத்தைந்து வயதுக்காரியைப் பார்த்து ஒரு பெட்டி கண்ணடிக்கிறதாம். சீரியல் பார்த்துப் பார்த்து எல்லாம் கண்ணடிக்கும்.

"அம்மா, கன்ட்ரோல், ஆல்ட், எஃப் மூணு. மூணையும் சேர்த்து அமுக்குங்க" என்கிறது போன். இளங்கோவன் கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான்; தூங்கி எழுந்த முகத்தில் தலையணையின் கோடு இருக்கிறது. அதனால் அடிப்பதும் படிப்பதும் நான்தான். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்திருக்கிறான். அதற்குள் இருப்பவன் அருள்ராஜ், கூடப் படித்தவன், மதுரையில் ஏதோ கம்பெனி. இந்தப் புது சிஸ்டத்தைப் போடச் சொன்னவனும் அவன்தான். பழையது திருட்டுக் காப்பி, வைரஸ் நுழைந்துவிட்டது, இது லினக்ஸ், காசு கிடையாது, வைரஸ் கிடையாது என்றார்கள். வேலையும் கிடையாது என்பதைச் சொல்ல மறந்துவிட்டார்கள். வந்த முதல் நாள் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. ஒரு பூப்புனித நீராட்டு விழாப் பத்திரிகை முழுக்கக் கட்டங்கள், பெண்ணின் பெயர் நாலு கட்டம், தாய்மாமன் ஏழு கட்டம். அதைச் சரிசெய்தார்கள், உடனே இந்த மதியச் சாவு ஆரம்பித்தது. அருள்ராஜ் சூடு என்றான், ஃபேனை மேஜைப் பக்கம் திருப்பினோம். கரண்ட் என்றான், ஒயரை மாற்றினோம். அப்டேட் என்றான், ஒரு காலைப்பொழுது முழுக்க ஒரு நீலக் கோடு இடமிருந்து வலம் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இளங்கோவன் இன்டர்நெட்டில் தேடினான். உலகத்தில் இருக்கிற எல்லோருக்கும் இதே கோளாறு. ஒருவன் எனக்கும் இப்படித்தான் என்று எழுதியிருக்கிறான். அதற்குக் கீழே இன்னொருவன் எனக்கும் என்கிறான். கடைசியில் முதலாமவனே வந்து, சரியாகிவிட்டது, நன்றி, என்று எழுதிவிட்டுப் போய்விட்டான். எப்படிச் சரியானது என்று ஒரு வரி கிடையாது. இளங்கோவன் அதை எனக்குப் படித்துக் காட்டியபோது எனக்கு வந்த ஆத்திரம் பூவலிங்கம் மாதிரி நாலு பேருக்குப் பண்பின் சிகரம் அடித்தபோதும் வந்ததில்லை. படித்த முண்டம். தன் வேலை முடிந்ததும் ஏணியை மேலே இழுத்துக்கொண்டவன். மூன்றையும் சேர்த்து அமுக்குகிறேன். திரை கருப்பாகிறது. வெள்ளை எழுத்து ஒரு வரி, அதன் முனையில் ஒரு கோடு துடிக்கிறது. படம் இல்லை, அலங்காரம் இல்லை. எனக்குப் பழைய மிஷினின் நாடா ஞாபகம் வந்து விரல் தானாக நேராகிறது. பின்னாலிருந்து கதிரேசன், "போச்சா எல்லாம்" என்கிறான். "உங்க அப்பா மாதிரிதான், உயிர் மட்டும்தான் போயிருக்கு" என்று ஜெயசித்ரா அங்கிருந்தே சொல்கிறாள். யாராவது சாவு வீட்டுக்காரனிடம் இப்படிப் பேசுவார்களா. ஆனால் கதிரேசன் சிரித்துவிட்டான், சிரித்ததைப் பார்த்த சிவநேசன் இதை வீட்டில் போய் எப்படிச் சொல்வது என்று இப்போதே மனதுக்குள் எழுதிக்கொண்டிருப்பான். "டி, எஃப், இடம் விட்டு ஒரு கோடு, ஹெச்" என்கிறது போன். அடிக்கிறேன். வரி வரியாகக் கொட்டுகிறது. "எவ்வளவு சதவீதம்னு இருக்கும், படிங்கம்மா." ஒரு வரியில் நூறு என்று இருக்கிறது. நூறு, என்கிறேன். போனுக்குக் கேட்கவில்லை. என் குரல் எந்தப் போனுக்கும் கேட்டதில்லை. நூறாம்டா, என்று இளங்கோவன் கத்துகிறான்.

"டிஸ்க் ஃபுல்லுடா மாப்ள. மூச்சு விட இடம் இல்ல. யாரோ எதையோ ரொப்பி வச்சிருக்காங்க. சினிமா கினிமா டவுன்லோட் பண்றாங்களா பாரு." பழைய குப்பையைக் காலி செய்ய அருள்ராஜ் ஒரு வரி சொன்னான், அடித்தேன். கொஞ்சம் இடம் கிடைத்தது. பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தேன், விட்டது. பூவலிங்கம் போஸ்டரோடு அப்படியே இருந்தார், விளக்கு இரண்டும் எரிந்தன, கண்கள் அழுதன. உடனே பிரிண்ட் கொடுக்கப் போனேன். இரும்மா, முதல்ல இதைப் பாப்போம், என்று இளங்கோவன் மவுஸை வாங்கிக்கொண்டான். மணி இரண்டரை. சாவு வீட்டுக்காரர்கள் நிற்கிறார்கள், இவனுக்குத் திருடனைப் பிடிக்க வேண்டும். பிக்சர்ஸ் என்று ஒரு பெட்டி, கண்ணைச் சுருக்கிப் பார்த்து அதைத் திறந்தான். திறக்கவே நேரமானது. பிறகு குட்டிக் குட்டிப் படங்களாக வந்தன, வந்துகொண்டே இருந்தன, சினிமா ஒன்றும் இல்லை. எல்லாம் பூவலிங்கம். ஒரே போஸ்டர், ஒரே முகம், வரிசை வரிசையாக. கீழே இழுத்தால் நேற்று அடித்த கடைதிறப்பு விழா, அதுவும் ஒரே மாதிரி ஆயிரக்கணக்கில். அதற்குக் கீழே முந்தாநாள் காதணி விழாக் குழந்தை. நாங்கள் வேலை செய்த திரையை யாரோ நாள் தவறாமல் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். அடியில் எண்ணிக்கை இருக்கிறது: இருபத்தோராயிரத்து நானூற்று ஆறு. கதிரேசன் எட்டிப் பார்த்து, "எங்கப்பா எதுக்கு இத்தனை பேரு" என்றான். ஒருத்தரைச் சமாளிக்கவே உங்களால முடியல, என்று சிவநேசன் ஃபேனைப் பார்த்துச் சொன்னான். இளங்கோவன் திரும்பினான். "அக்கா, இங்க வாங்க." ஜெயசித்ரா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "நான் இல்லாதப்ப இதை நோண்டுறீங்களா." "நானா. எனக்கு இதை ஆன் பண்ணவே தெரியாது சார்." "எதையோ அமுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியாம விட்ருக்கீங்க. ஒத்துக்கிட்டா பரவாயில்ல." "தொட்டிருந்தா என் கை அவிஞ்சு போகட்டும் சார். அது கண்ணடிக்குதுன்னு நான்தான் வந்து சொன்னேன், தொட்டவ சொல்வாளா." "நாளையிலிருந்து வேணாங்கா. இருக்கற சம்பளத்தைச் சாயங்காலம் வாங்கிக்கங்க." மிகவும் மரியாதையாகச் சொன்னான். மூன்று வருஷமாக இந்தக் கடையில் அவள் பேச்சு நின்று நான் பார்த்ததில்லை. லேமினேஷன் மெஷினில் யாருடைய குடும்ப அட்டையோ உள்ளே போய் வெளியே வராமல் பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தது. யாரும் எடுக்கப் போகவில்லை.

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தைப் பார்க்க முடியாததால் திரையை. ஒவ்வொரு பூவலிங்கத்துக்கும் வலது மூலையில், திரையின் கடிகாரமும் படத்தில் விழுந்திருக்கிறது. ஒன்று பதினைந்து. கீழே ஒன்று பதினைந்து. அதற்கும் கீழே ஒன்று பதினாறு. நேற்றைய கடைதிறப்பு விழாவிலும் ஒன்று பதினைந்தில்தான் ஆரம்பம். காதணிக் குழந்தையும் ஒன்று பதினைந்து. ஒன்று பதினைந்துக்குச் சாப்பிடப் போவது இந்தக் கடையில் ஒருத்திதான். இளங்கோவன் ஒன்றுக்கே போய்விடுவான். ஜெயசித்ராவுக்கு நேரமே கிடையாது, பசித்தால் முறுக்கு. கைக்கடிகாரத்தைப் பார்த்து, துணியை விரித்து, மூன்று மூலையைச் செருகி, நாலாவதன் மேல். நாலாவதன் மேல் ஸ்டேப்ளர். ஐம்பது தாளைத் தைக்கிற ஸ்டேப்ளர், இரும்பு. வலது பக்கம், மேலே, ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. அங்கே என்ன சாவி இருக்கிறது. நான் ஒருநாளும் தொடாத சாவி, அதன் பெயர்கூட வாசித்ததில்லை. பழைய சிஸ்டத்தில் இத்தனை வருஷம் அதே துணி, அதே ஸ்டேப்ளர், ஒன்றும் ஆகவில்லை. அமுக்கினாலும் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கும், என்னைப் போல. இந்தப் புதுசு அமுக்க அமுக்கத் திரையைப் படம் எடுத்துத் தள்ளியிருக்கிறது. நான் மாங்காய் ஊறுகாயை நக்கிக்கொண்டு, ஜெயசித்ராவின் எண்ணெய்க் கையை நினைத்து முகம் சுளித்துக்கொண்டிருந்த ஒவ்வொரு நிமிஷமும். இல்லை, இருக்காது. இருக்கும். ஒன்று பதினைந்து. இப்போது சொல்ல வேண்டும். சொல்ல ஒரு வாக்கியம் வேண்டும், வாக்கியத்துக்கு முதல் சொல் வேண்டும். தம்பி என்று ஆரம்பிக்கலாம். தம்பி என்றால் திரும்புவான், ஐந்து பேரும் திரும்புவார்கள், பூவலிங்கத்தோடு சேர்த்து. அப்புறம் கிழவிக்குப் புதுசு ஒத்துவரவில்லை என்பது அவன் மனதில் ஏற்கெனவே இருக்கிறது, அதற்கு நானே முத்திரை குத்திக் கொடுத்ததாகும். நாளைக்கு ஒன்று பதினைந்துக்கு நான் வீட்டில் உட்கார்ந்து, தங்கை பார்க்கிற டி.வி.யைப் பார்த்துக்கொண்டு. எதற்கு. நாளையிலிருந்து துணி போடாமல் விட்டால் போதுமே. மிஷின் நிற்காது. அப்டேட்தான் வேலை செய்தது என்று அருள்ராஜ் மார் தட்டுவான். அக்கா போனதும் சரியாப் போச்சு பாருங்க என்று இளங்கோவன் சொல்வான், நான் ம் என்பேன். சரியாகிவிட்டது, நன்றி. அந்த முண்டம். எப்படி என்று ஒரு வரி எழுதாமல் ஏணியை மேலே இழுத்துக்கொண்டவன். எங்கேயோ ஒரு பின்கட்டில் தயிர்சாதம் சாப்பிடுகிறவனாகத்தான் அவனும் இருந்திருப்பான். ஜெயசித்ரா பையை எடுத்துக்கொண்டிருக்கிறாள், முறுக்குப் பொட்டலத்தை அதற்குள் வைக்கிறாள், அந்த எண்ணெய்க் கையால். அவளை எனக்குப் பிடிக்காது. அது வேறு. பிடிக்காதவள் பெயரைத் தப்பான வரியில் போட்டால் நான் மாற்றாமல் விடுவேனா.

வாய் வரவில்லை. கை வந்தது. மேஜையடியிலிருந்து துணியை எடுத்தேன். கீபோர்டின் மேல் விரித்தேன், ஒரு மூலை, இரண்டு, மூன்று. "அம்மா, இப்ப எதுக்கு மூடுறீங்க, பிரிண்ட் போடணும்ல" என்றான் இளங்கோவன். ஸ்டேப்ளரை எடுத்து நாலாவது மூலையில் வைத்தேன், தினம் வைக்கிற இடத்தில். திரை வெள்ளையாகச் சிமிட்டியது. மறுபடி சிமிட்டியது. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன், நெஞ்சு அடிப்பதோடு குழம்பிவிடாமல். பதினான்கு வரை விட்டு ஸ்டேப்ளரைத் தூக்கினேன். நின்றது. பிக்சர்ஸ் பெட்டியின் அடியில் இருந்த எண் பதினான்கு கூடியிருந்தது. போனில் அருள்ராஜ் மட்டும் "ஹலோ, ஹலோ" என்று தனியாகச் செத்துக்கொண்டிருந்தான். "கண்ணடிக்குதுன்னு சொன்னேன்ல" என்றாள் ஜெயசித்ரா, பை தோளில் இருக்க. பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடப்பாவி டைப்பம்மா, பொணத்துக்குப் போட்டோ புடிச்சே கம்ப்யூட்டரைக் கொன்னுட்டீங்களே. அதுக்கு நான் ஜெயிலுக்குப் போகப் பார்த்தேன்." இளங்கோவன் என்னைப் பார்த்தான், துணியைப் பார்த்தான், ஸ்டேப்ளரைக் கையில் எடுத்து எடை பார்ப்பவன்போல வைத்திருந்தான். காலையில் சொன்ன அந்த இரண்டு பேரில் ஒருத்தர் இப்போது யார் என்று எல்லோருக்கும் தெரியும். "நேத்து கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்ல" என்றான். நேற்று எனக்குத் தெரியாது. அதைச் சொல்லலாம். சொன்னால் அந்த 'ம்' போய்விடாது. தம்பி, தப்பு என்னுதுதான், என்றேன். போனுக்குக் கேட்டிருக்காது, இவர்களுக்குக் கேட்டது. அவன் முடிவைச் சொல்வதற்குள் சிவநேசன் இடையில் வந்தான். "அண்ணே, யாரை வேணா அப்புறம் அனுப்புங்க. இந்தம்மா இல்லாம அந்தப் பேர் வரிசை யாருக்கும் தெரியாது. எங்க மச்சான் மாத்திச் சொல்லிருவாரு." கதிரேசன் முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்து, ஆமா நீ ரொம்ப யோக்கியன், என்றான். இளங்கோவன் ஸ்டேப்ளரை ஜெயசித்ராவிடம் கொடுத்தான். "இதை இனிமே அங்கேயே வச்சுக்கங்கக்கா" என்றான். என்னைப் பார்க்காமல், "மொதல்ல பிரிண்டைப் போடுங்கம்மா. போட்டுட்டு இந்தக் குப்பையை எல்லாம் அழிங்க" என்றான். நாளைக்கு வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. சவரிமுத்து மாஸ்டருக்கு இவ்வளவு பிடிகொடுக்காமல் பேசத் தெரியாது. பிரிண்ட் போட்டேன். நாலு மணிக்கு மகன் பசை வாளியையும் மருமகன் போஸ்டரையும் தூக்கிக்கொண்டு, பேசாமல், ஒரே வண்டியில் போனார்கள். ஜெயசித்ரா கருகிப்போன குடும்ப அட்டையைச் சுரண்டிக்கொண்டே அதன் சொந்தக்காரனுக்குச் சொல்லப்போகும் கதையை எனக்குச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதில் எல்லாம் கம்ப்யூட்டர் கண்ணடித்ததால் வந்தது. ஒரு முறுக்கை எடுத்து என் மேஜைமேல் வைத்தாள், கீபோர்டுக்குப் பக்கத்திலேயே, மூடாத கீபோர்டு. துகள் விழும். விழட்டும். காதணியையும் அதற்கு முந்தின நாட்களையும் அழித்தேன், கடைதிறப்பு விழாவை அழித்தேன், ஒன்று பதினைந்திலிருந்து அது உறைந்துபோனது வரை வந்த பூவலிங்கத்தை எல்லாம் அழித்தேன். எனக்குத் தெரியாமல் நான் எடுத்தவை அவை, இருபத்தோராயிரத்து நானூற்று ஆறு. தெரிந்து எடுத்ததைத் தொடவில்லை. மிச்சம் பதினான்கு.